முன் சீட்டுக்காரி

“கட்டின பொண்டாட்டிய என் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு சார்?”

டாக்ஸி டிரைவர் போட்ட சத்தத்தில் மைக்கே கீச்சென்று அலறியது. மேடையில் இருந்த உரிமப் பிரிவு அதிகாரி, வாயில் போட்ட பிஸ்கட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திருதிருவென்று விழித்தார்.

டாக்ஸி விதிகளை மாற்றப்போகிறார்களாம், அதற்கு டிரைவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்களாம். கருத்தாவது கத்தரிக்காயாவது! விதிகளை அதிகாரி எப்போதோ எழுதி முடித்தாயிற்று. மனுஷன் ஆயுசில் ஒரு தடவையாவது டாக்ஸியில் ஏறியிருப்பாரா? ஆபீஸ் காரில் வந்து, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, ஆபீஸ் காரிலேயே வீட்டுக்குப் போகிறவர். கூட்டம் சும்மா கண்துடைப்புக்கு. டீயைக் குடித்தோமா, தலையை ஆட்டினோமா என்று எல்லாரும் கலைந்து போக வேண்டியதுதான்.

மற்ற விதிகளை வாசித்தபோது டிரைவர்கள் கொட்டாவி விட்டார்கள். ‘பயணிகள் தவிர வேறு எவரையும் டாக்ஸியில் வைத்திருக்கக் கூடாது’ என்றதும்தான் இந்தப் பெரியவர் துள்ளி எழுந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் சம்சாரம், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“குடும்பத்தோட ஊர் சுத்தவா உங்களுக்கு பெர்மிட் குடுத்திருக்கு?” என்றார் அதிகாரி, ஒரு வழியாக பிஸ்கட்டை விழுங்கிவிட்டு. “காசு குடுக்கிறவன் காலை நீட்டி உட்கார வேணாமா?”

“பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. காலையில ஒண்ணா வண்டியில ஏறுவோம், பொழுது சாஞ்சா ஒண்ணா இறங்குவோம். இவளை இறங்கச் சொன்னா நானும் இறங்க வேண்டியதுதான். அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் உங்க வீட்டுலயா சோறு போடுவீங்க?”

கூட்டம் விசிலடித்தது. அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து போய் ஜன்னலோரம் நின்று காற்று வாங்கினார். பெரியவரா விடுவார்? அதிகாரி விட்டுப் போன காலி நாற்காலியைப் பார்த்தே வெளுத்து வாங்கினார்.

“பதில் சொல்லுங்க சார்! கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துக்கிட்டே இருந்தா ஆச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர் இருந்தால் என்னை ஒரு மனுஷனாகக்கூட மதிக்காமல் நாற்காலியோடு பேசுவான்! இந்த விதியை இன்றைக்கே அமலுக்குக் கொண்டுவருகிறேனா இல்லையா பார் என்று பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் சம்சாரம் எழுந்தாள். புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

“அவரு கோவத்துல பேசிட்டாரு, மன்னிச்சிடுங்க சார். நான் ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போறேன். யாருக்கும் எடைஞ்சலா இருக்க மாட்டேன். எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க சார்.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பத்திரிகைக்காரர் ஒருவர் சட்டென்று கேமராவைத் தூக்கினார். கேமராவைப் பார்த்ததும் அதிகாரிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு இளகிய மனசு வந்ததோ! வயிற்றை எக்கி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

“புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கிற பாவம் நமக்கு வேணாம். அந்த விதியை இப்பவே எடுத்தாச்சு!”

கைதட்டல் ஓயவில்லை. ருசி கண்டுவிட்ட மனுஷன் அதோடு விடுவாரா? “இன்னைக்கு ஆபீஸ் கார் வேணாம். இவங்க டாக்ஸியிலதான் நான் வீட்டுக்குப் போகப்போறேன்” என்று ஒரு போடு போட்டார். சம்சாரத்தின் முகம் ஏனோ வெளுத்தது. “உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?” என்று இழுத்துப் பார்த்தாள். அதிகாரி காதில் வாங்கவே இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு புருஷனும் பொண்டாட்டியும் கை கோத்து நடந்தார்கள். “இந்த வயசுலயும் குசும்பைப் பாரு!” என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

பின் சீட்டில் அதிகாரி மகாராஜா மாதிரி சாய்ந்துகொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் அந்த அம்மாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் புருஷன் காதோரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று அதிகாரி தனக்குள் சிரித்துக்கொண்டார். வேண்டாத விருந்தாளி மாதிரி தன்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு இதுகள் பாட்டுக்குக் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வருவது அவருக்குக் கொஞ்சம் உறுத்தவும் செய்தது. நன்றி கெட்ட ஜனங்கள்.

இந்தப் பெருந்தன்மையை ஊருக்குச் சொல்ல வேண்டாமா? செல்போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“ஏம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாம்.”

“வீட்டு வாசல்ல எடுத்துக்கலாம் சார்” என்றாள் திரும்பாமலே.

“அட, உங்களுக்காக விதியவே மாத்தியிருக்கேன். ஒரு நிமிஷம் மூஞ்சியைக் காட்டக் கூடாதா? மறுபடி அந்த விதியைக் கொண்டுவரணுமா?”

பாவம், என்ன செய்வாள்? முணுமுணுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“ம்... சிரிங்க. அழுத மூஞ்சியா இருக்கே! பல்லு தெரியச் சிரிங்கம்மா. அப்படியே இருங்க.”

பெரியவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டினார்.

“எதிர்ல என்னமோ பெருசா வருதே, என்னடி அது?”