கமாவுக்குப் பக்கத்தில்

"நட்சத்திரத்தை கமாவுக்கு முன்னாடி வைக்கவா, பின்னாடி வைக்கவா மேடம்?" என்று பத்திரிகை அலுவலகத்திலிருந்து போனில் கேட்டார் இம்தியாஸ்.

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றிருந்தது. தேவதர்ஷினி போனைக் காதிலிருந்து எடுத்து, அவர் அனுப்பிய பக்கத்தைத் திறந்தாள். அவளும் சித்தார்த்தனும் சேர்ந்து எழுதிய கட்டுரை. ஆற்று நத்தைகளைப் பற்றியது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள்.

சித்தார்த்தன்,* தேவதர்ஷினி

"எங்க பத்திரிகையில வழக்கமா கமாவுக்கு அப்புறம்தான் குறி வரும். சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

"அப்படி வச்சா அது என் பேரோட சேர்ந்த மாதிரி இருக்கு சார்."

"அப்ப முன்னாடி வச்சுடலாமா?"

"திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

தானே நகர்த்திப் பார்த்தாள். முன்னால் வைத்தால் 'ன்' மேலிருந்த புள்ளியை இடித்தது. பின்னால் வைத்தால் தன் பெயரைத் தொட்டது. மறுபடி முன்னால். மறுபடி பின்னால்.

"போன்ல கேம் ஆடுறீங்களா?" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து இருக்கைப் பெண்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு. தேவதர்ஷினி அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மாம்பழச்சாலை வந்ததும் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

அம்மா மண்டபம் ரோட்டில் சித்தார்த்தனின் வீடு. மணியிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

அவன் மனைவி வேணி. அவள் பார்வை தேவதர்ஷினியைத் தாண்டித் தெருவுக்குப் போய்த் திரும்பியது.

"நீங்களா மேடம். உள்ள வாங்க."

தேவதர்ஷினி உட்காரவில்லை. போனை நீட்டினாள். வேணி கணவனின் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த நட்சத்திரம் எதுக்கு?"

"கீழ அடிக்குறிப்பு இருக்குங்க."

வேணி பக்கத்தின் அடிவரை தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஒரே ஒரு சொல்.

*மறைந்தார்.

நத்தை சேகரிக்க முக்கொம்புக்குப் போன அன்று தண்ணீர் திடீரென்று ஏறியது. சித்தார்த்தன் இடுப்பளவு நீரில் நின்றிருந்தான். தேவதர்ஷினி கரையில் நின்றிருந்தாள். கொள்ளிடம் நெடுகத் தேடினார்கள்.

"அவரு இன்னும் கிடைக்கலையே மேடம்" என்றாள் வேணி. குரலில் கோபமில்லை. தப்பாகப் போட்ட இனிஷியலைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

தேவதர்ஷினி அங்கே நின்றபடியே இம்தியாஸைக் கூப்பிட்டாள்.

"நட்சத்திரம் வேண்டாம் சார். அடிக்குறிப்பும் வேண்டாம். எடுத்துடுங்க."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமே."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரிங்க மேடம். அப்ப உங்களுக்குப் போட்ட மாதிரி சாருக்கும் ஒரு தொடர்பு முகவரி போடணுமே. என்ன போடறது?"

போனில் கேட்டது வேணியின் காதிலும் விழுந்திருந்தது.

"இந்த வீட்டு முகவரியையே போடச் சொல்லுங்க" என்றாள் வேணி. "வந்தா இங்கதானே வருவாரு."