கவுன்டரில் கேட்ட கேள்வி

மலைமேல் நூறு வருஷமாக இருக்கும் கோல்ஃப் மைதானம் அது. கணவரை அங்கே ஆட விடுவார்களா என்ற பதைப்பில், கவுன்டரில் அவளே முந்திக்கொண்டு பேசினாள்.

"சாருக்கு ஹேண்டிகேப் என்ன?" என்றார் மேலாளர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு குறையும் இல்லை. நல்லாத்தான் இருக்கார்."

கணவர் சிரித்துவிட்டார். "அடி அசடே, அது ஆட்டக்காரனுக்குக் குடுக்கிற நம்பர். கம்மியா இருந்தா கெட்டிக்காரன். எனக்கு இருபது, சார்."

"இந்தாங்க சார்" என்று மேலாளர் சீட்டை நீட்டினார். கணவரின் கை அதைத் தேடிக் காற்றில் அலைந்தது. பொய் சொன்ன வாய் அவளுக்குக் கசந்தது.

"மன்னிச்சிருங்க. அவருக்குப் பார்வை கிடையாது. நான்தான் பக்கத்துல நின்னு திசை சொல்லுவேன்."

மேலாளர் சீட்டை அந்தக் கையில் வைத்தார். "போய் ஆடுங்கம்மா. எனக்கு ரெண்டு கண்ணும் பளிச்சுனு தெரியுது. என் நம்பர் முப்பத்தாறு."