காயாத முகம்

பாண்டிருப்பில் கருவாடு போட்டுப் பிழைக்கும் கனகாம்பிகை, கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் சுஜிந்தனை நீர்வண்ணத்தில் பதினொரு தடவை வரைந்துவிட்டாள். ஒவ்வொரு விடியலிலும் முகம் மட்டும் கழுவப்பட்டிருக்கும். தாளை நக்கினால் உப்புக் கரிக்கும்.

“கூரை ஒழுகுது புள்ள” என்றார் புருசன் முருகேசு.

“மழைத்தண்ணி எப்பயிருந்து கரிக்குது?”

எண்ணெய் வண்ணம் வாங்கிவந்து, அன்றைக்கே மகனை வரைந்து முடித்தாள். விடிந்தபோது படம் முழுக்கத் தண்ணீர். முகம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

“இஞ்ச ஓடி வாங்க! இந்த முற கடலால ஏலாமப் போச்சு!”

வண்ணம் இன்னும் காயவில்லை. கையால் தொடாமல், மகனின் கன்னத்தில் நின்ற துளிகளை வாயால் ஊதி உருட்டிவிட்டாள். கீழே சீமெந்துத் தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் இறால் ஒன்று துள்ளியது.

அதைப் பிடித்துப் பகல் கறிக்குள் போட்டாள்.