பன்னிரண்டாவது பல்செட்

"பொய் சொல்லாதீங்க சார். இதுல ப்ரஷ் பட்டே ஒரு மாசம் ஆகுது!"

ஓய்வுபெற்ற கண்டக்டரின் பல்செட்டைக் கையுறை விரல்களில் தூக்கிப் பிடித்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி. அண்ணத்தில் ஒட்டும் பக்கம் முழுக்க வழவழவென்று வெள்ளைப் படலம். அத்தனையும் பூஞ்சை.

பல் இல்லாத வாயால் கண்டக்டர் ஏதோ சொன்னார். காற்றுதான் வந்தது.

அக்ரிலிக் பல்செட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதுதான் அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி. பன்னிரண்டு பேருடைய பல்செட்டில் தன் கையாலேயே பூசிக் காயவைத்துக் கொடுத்திருந்தாள். 'எப்பவும் போல ரெண்டு வேளை ப்ரஷ் போட்டுத் தேய்ங்க. வேற எதையும் மாத்தாதீங்க' என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பூசுவதற்கு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு பூஞ்சை. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, இதுவரை வந்த பதினொரு பேருக்கும். இவர் பன்னிரண்டாவது.

"பூஞ்சையை விரட்டச் சொன்னா, நீ அதுக்குப் பாய் விரிச்சு படுக்க வச்சிருக்கியேம்மா!" என்று பேராசிரியர் காலையில்தான் சிரித்திருந்தார். "வெள்ளிக்கிழமை கமிட்டி. இந்த ரிசல்ட்டோட வந்தா ஆராய்ச்சியை மூடிடுவாங்க. உங்க மாதிரி ஆளுங்களுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஆசை?"

'உங்க மாதிரி' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். சொந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"மேடம், கொஞ்சம் காலை நகர்த்திக்கிறீங்களா?" மாப்பும் வாளியுமாக ஆஸ்பத்திரி ஆயாம்மா உள்ளே வந்தாள்.

"இப்பதான் தொடைக்கணுமா? அப்புறம் வாங்க."

"சரிங்க மேடம்." சொன்னாளே தவிரப் போகவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "பூச்சு போகாம இருக்குதுங்களா மேடம்?"

"எல்லாம் நாசமாப் போச்சு. நீங்க முதல்ல போங்க!"

ஆயாம்மாவின் முகம் சுருங்கியது. வாளியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

மாணவி கண்டக்டரிடம் திரும்பினாள்.

"டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சிருப்பீங்கல்ல? தேய்க்காத பல்செட்டை நானும் அப்படித்தான் பிடிப்பேன். பதினொரு பேரும் 'தேய்ச்சேன், தேய்ச்சேன்'னு ஒரே பாட்டு. நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. என் நாலு வருஷம் சார் இது!"

கண்டக்டர் அவள் கையிலிருந்த பல்செட்டைக் காட்டி, கொடு என்று சைகை செய்தார். கழுவிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பல்லைப் பிடுங்கி வச்சுக்கிட்டு பதில் சொல்லுன்னா எப்படி டாக்டரம்மா? தேய்க்கலதான். தண்ணியில முக்கி எடுத்ததோட சரி. நான் மட்டுமில்ல, ஒருத்தருமே தேய்க்கல. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வேற வாங்கியிருக்காங்க."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்குக் குழி பறிச்சது யாரு? சொல்லுங்க சார்! வெள்ளிக்கிழமை அந்த ஆளை இழுத்துட்டுப் போய் கமிட்டி முன்னாடி நிறுத்தறேன்!"

கண்டக்டர் தயங்கித் தயங்கி வராந்தாவைக் காட்டினார்.

"அதோ, தரை தொடைக்கிறாங்களே, அவங்கதான். பல்செட்டோட வெளிய வர்ற ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு, 'எம் பொண்ணு கஷ்டப்பட்டு பூசினதுங்க, தேய்ச்சா போயிடும், தேய்ச்சுடாதீங்க'ன்னு கெஞ்சினாங்கம்மா."

'இந்த ஆஸ்பத்திரிக்குள்ள நீ மேடம், நான் ஆயா. வாய் தவறிக்கூட அம்மான்னு கூப்பிட்டுடாதே, உன் மரியாதை போயிடும்' என்று நான்கு வருடங்களுக்கு முன்பே அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்த அம்மா, வராந்தாவில் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.