கூட்டு விண்ணப்பம்

பொடிசு, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். வீட்டு நிதியுதவி அலுவலர் தன் கோப்பைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"அத்திக் குச்சி மேடம். ஃபிரிட்ஜ் நேத்து நின்னு போச்சு. தனியா விட்டுட்டு வர மனசு வரல."

"விட்டுட்டு வந்தா அழுமா?" என்றாள் அண்ணி. "கீழ வை. மேசை நனையுது பாரு."

பொடிசுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த அறைக்குள் நிலை தலையில் இடிக்காதபடி குனிந்துதான் நுழைந்தாள். வீட்டின் கடைக்குட்டி என்று சின்ன வயதில் வைத்த பெயர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இன்றுவரை மாற்றவில்லை.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் பாதியைக் கொடுக்கிற திட்டம் அது. அண்ணியின் தையல் வருமானம் மட்டும் அதற்கு எட்டாது. பொடிசின் பேக்கரிச் சம்பளம் மட்டும் எட்டாது. சேர்த்தால் எட்டும்.

பேருந்து போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டு அறை, பின்னால் கையகல மண். விற்பவர் இன்று மாலைவரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

இப்போதிருக்கும் வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். பின்கட்டு அத்தி மரத்தையும் சேர்த்து. அதனால்தான் இலையெல்லாம் உதிர்ந்து மரம் தூங்கிக்கொண்டிருந்தபோதே இருவரும் ஏணி போட்டுப் பன்னிரண்டு குச்சிகளை வெட்டி, நட இடம் கிடைக்கும்வரை என்று ஆறு வாரமாக ஃபிரிட்ஜில் தூங்க வைத்திருந்தார்கள்.

அலுவலர் காகிதத்தை விலக்கிப் பார்த்தார். "எல்லாத்துலயும் ஒரு முனை சாய்வா இருக்கே?"

"அடி எது, நுனி எதுன்னு அடையாளம் மேடம்," என்றாள் அண்ணி. "மண்ணுக்குள்ள போற முனையைச் சாய்வா வெட்டணும். ஊருக்கே தெரியும்."

"மேல் முனைதான் சாய்வா இருக்கணும். அப்பத்தான் தண்ணி தேங்காம வழியும். அதுவும் ஊருக்கே தெரியும்," என்றாள் பொடிசு.

"உன் ஊரு வேற."

ஆறு குச்சிக்கு அடியில் சாய்வு. ஆறு குச்சிக்கு நுனியில் சாய்வு. பன்னிரண்டும் ஒரே கட்டாக.

"மொட்டு பாக்குற பக்கம்தான் மேல. ஒவ்வொண்ணா பாத்துப் பிரிக்கலாம்," என்றாள் அண்ணி. "ஆனா இவ கண்ணாடி போட மாட்டா. போட்டா வயசாயிடுமாம்."

"மொட்டு வீங்கிடுச்சு மேடம்," என்றாள் பொடிசு, அண்ணி பேசியதே காதில் விழாத மாதிரி. "இந்த வாரம் மண்ணு கிடைக்கலேன்னா அவ்வளவுதான்."

அலுவலர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தைத் திருப்பினார்.

"கூட்டு விண்ணப்பம்னா ஒரே குடும்பமா இருக்கணும். இல்லேன்னா பத்து வருஷத்துக்கு மேல ஒரே வீட்ல சேர்ந்து இருந்ததுக்கு அத்தாட்சி வேணும். நீங்க அண்ணி, நாத்தனார். சிக்கலே இல்ல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கல்யாணச் சான்று மட்டும் வேணும்மா. அண்ணன் பேர் இருக்குமில்ல, அதுக்காக."

அண்ணன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டு மனத்தை நோகடிப்பானேன் என்று நினைத்திருப்பார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்போதுதான் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் இருந்தார்கள்.

"குடும்பம்னு போட முடியாது மேடம்," என்றாள் அண்ணி. "ரெண்டாவதைப் போடுங்க."

"அப்போ பத்து வருஷ வாடகை ஒப்பந்தம் கொடுங்க. ரெண்டு பேர் பேரும் இருக்கணும்."

"எல்லாம் என் பேர்லதான் இருக்கு," என்றாள் பொடிசு. "வீட்டுக்காரர் ஒரு பேருக்கு மேல எழுத மாட்டார்."

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "அப்போ நான் என்னம்மா பண்ண முடியும்? ரெண்டு பேரும் ஒரே முகவரியில இருந்தீங்கன்னு ஏதாவது ஒரு பழைய காகிதம் வேணுமே."

அண்ணி தன் பையின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே நான்காக மடித்த காகிதங்கள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. மேலே நீதிமன்ற முத்திரை.

அலுவலர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது விவாகரத்துத் தீர்ப்பும்மா. பத்தொன்பது வருஷம் ஆச்சு. இதுப்படி உங்க ரெண்டு பேருக்கும் ஒரு உறவும் இல்லையே."

"அடுத்த பக்கம்," என்றாள் அண்ணி.

அடுத்த பக்கத்தில் மனைவி தரப்புச் சாட்சியின் வாக்குமூலம் இருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. கணவனின் உடன்பிறந்த தங்கை.

'என் அண்ணன் அவரை அடித்ததை நான் நேரில் பார்த்தேன். அவர் இப்போது மேற்கண்ட முகவரியில் என்னுடன் வசிக்கிறார். இனியும் என்னுடன்தான் வசிப்பார்.'

மேலே, விண்ணப்பத்தில் இருந்த அதே முகவரி. கீழே பொடிசின் கையெழுத்து. அவள் அளவுக்கே உயரமான எழுத்து.

அலுவலர் அதை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து, இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் பத்தொன்பது என்று எழுதினார். பிறகு முதல் பக்கத்தில் கல்யாணத் தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

"கல்யாணமான புதுசுலயும் ஒரே வீட்லதானே இருந்திருப்பீங்க? அந்த ஏழு வருஷத்தையும் சேத்து இருபத்தாறுன்னு போடட்டுமா?"

"அதைச் சேக்காதீங்க மேடம்," என்றாள் பொடிசு. "அப்போ நான் அண்ணன் கட்சி."