படகில் மச்சானுக்கு இடம்

நமச்சிவாயம் வீட்டிலேயே ஒரு நீராவிப் படகு கட்டி முடித்துவிட்டான். அதை ஏரியில் விடுவதற்கு முன்னால், தாம்பூலத் தட்டோடு மனைவியின் அண்ணன் உமாபதி வீட்டு வாசலில் போய் நின்றான். பையனின் காதுகுத்தில் தாய்மாமனான தனக்கு முதல் சந்தனம் தரவில்லையென்று உமாபதி ஒரு வருஷமாகப் பேசுவதில்லை.

“ஞாயித்துக்கெழம தென்னேரில படகு வுடறோம் மச்சான். மொதல்ல நீங்கதான் குந்தணும்.”

உமாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏன், உங்க அண்ணன் இல்லியா?”

“அவரும் கேட்டுக்கினுதான் இருக்காரு. முடியாதுன்னுட்டேன்.”

சொந்த அண்ணனுக்கே இல்லாத மரியாதை! உமாபதி உருகிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியும் மாலையுமாகப் படகின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். நமச்சிவாயம் விறகைத் தள்ள, படகு புகைவிட்டபடி நடு ஏரிக்குப் போனது. கரையில் ஒரே கைதட்டல்.

“என்னையே கூப்புடணும்னு எப்டி மாப்ள தோணிச்சு?” உமாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாய்லர வலது பக்கம் வச்சிட்டேன் மச்சான், படகு சாயுது. இந்தப் பக்கம் ரெண்டு மூட்டை அரிசி வச்சிப் பாத்தேன், பத்தல. அண்ணன் வேற ஒல்லி.”

உமாபதி மாலையைக் கழற்றி வீசினார். “திருப்புய்யா படகை! நான் எறங்கறேன்!”

“ஐயோ, எழுந்துக்காதீங்க! எவ்ளோ வேணும்னாலும் கோச்சுக்கோங்க மச்சான், குந்திக்கினே கோச்சுக்கோங்க!”