மங்கையர்க்கரசியின் முதல் கோப்பு

அந்தப் பதவியை ஏற்கச் சொல்லி ஆறு மாதமாக அரசாங்கம் வீடு தேடி வந்து கெஞ்சியது. கடைசியில் விஞ்ஞானி மங்கையர்க்கரசி சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான். ஆஸ்பத்திரிகளை ஆளும் இயந்திரத்திடம் 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பதவியின் நாற்காலிக்கு மட்டுமே இருந்தது.

"முன்னாடி இருந்தவர் எல்லாத்துக்கும் சண்டை போட்டாரு மேடம்," என்றார் செயலர் இருதயராஜ், நாற்காலியை இழுத்துப் போட்டு.

"நான் அவருக்கும் மேல சார். பாருங்க."

முதல் கோப்பை இயந்திரமே கனிவான குரலில் வாசித்தது. மூச்சுக் கருவிகளுக்குப் பற்றாக்குறை.

"ம்," என்றார் மங்கையர்க்கரசி.

பிழைக்க வாய்ப்புக் குறைந்தவர்கள் பதினேழு பேர்.

"ம்."

அவர்களுடைய கருவிகளைக் கழற்றி மற்றவர்களுக்குப் பொருத்தலாம்.

"ம்..." முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், பிறகு பிடித்து உலுக்கலாம் என்று பேனாவைத் திறந்தார்.

குரல் நின்றுவிட்டது.

"சரி, இப்ப என் ஆட்சேபணையை எழுதிக்கோங்க. முதல்ல..."

இருதயராஜின் முகம் வெளுத்தது. "மேடம், நீங்கதான் 'ம்' சொல்லிட்டீங்களே!"

"ஐயோ, கேட்டுக்கிட்டிருக்கேன்னு ம் கொட்டினேன் சார்! யாராவது பேசினா கொட்ட மாட்டோமா?"

"இயந்திரத்துக்கு 'ம்'னா சம்மதம் மேடம்."

"நிறுத்தச் சொல்லுங்க! கூடாது! கூடாது!"

இயந்திரம் கனிவு குறையாமல் பதில் சொன்னது.

"பதினேழு கருவிகளையும் கழற்றியாகிவிட்டது, அம்மா. ஒருவர் மட்டும் இன்னும் தானாக மூச்சுவிடப் பார்க்கிறார்."